சாட்சிக்குப் போட்ட பூட்டு

எண்பத்தொன்றாம் வருஷம், மார்ச் மாதம். டில்லியில் ஒரு பெண்கள் காப்பகத்துக்கு வேறொரு கட்சிக்காரிக்காகப் போயிருந்தேன். அவள் பத்தொன்பது வயதுப் பஞ்சாபிப் பெண். விரும்பியவனைக் கல்யாணம் செய்துகொண்டதற்காக அப்பா புகார் கொடுத்திருந்தார். வயது நிரூபணமாகும் வரை அவளைக் காப்பகத்தில் வைக்கும்படி மாஜிஸ்திரேட் உத்தரவு. வக்காலத்தில் அவளுடைய கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது.

அலுவலக அறையில் ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். பின்பக்க முற்றத்தில் யாரோ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல்.

"இந்தக் கருமத்த எத்தினி வாட்டித்தான் தேய்க்கிறது? அடியில புடிச்சது போவுமா?"

எழுந்து ஜன்னலுக்குப் போனேன். காவலுக்கு இருந்த பெண், "பைட்டியே மேடம், வோ தோ பாகல் ஹை" என்றாள். உட்காருங்கள், அவள் பைத்தியம் என்று அர்த்தம்.

நான் ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, "எந்த ஊரும்மா உனக்கு?" என்று கேட்டேன். குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தவள் திரும்பவில்லை. மறுபடி கேட்டேன். தேய்த்துக்கொண்டே இருந்தாள். பேச்சை வைத்து ஒரு ஊகத்தில், "கள்ளக்குறிச்சிப் பக்கமா?" என்றேன். அப்போதுதான் கை நின்றது.

ஏன் உடனே திரும்பவில்லை என்று பிற்பாடு ஒருநாள் சொன்னாள். "இங்க வந்ததுலேருந்து அப்பப்ப தமிழ்ல யாரோ கூப்புடறாப்ல கேக்கும்மா. திரும்பிப் பாத்தா ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. அதான் திரும்பறதையே வுட்டுட்டன்."

அன்று கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். பஞ்சம் பிழைக்கக் குடும்பத்தோடு டில்லிக்கு வந்தவர்கள். ஒரு பெரிய அரசாங்கக் கட்டடத்தில் கல் மண் சுமக்கிற வேலை. ஒருநாள் கட்டி முடித்த ஈரம் காயாத சுவர் விழுந்து அவள் புருஷன் செத்துப்போனான். சுவர் விரிசல் விட்டிருக்கிறது என்று காலையிலேயே ஆட்கள் சொன்னார்கள். மேஸ்திரி கேட்கவில்லை, அடியில் நின்று பூசச் சொன்னான். இதை அவள் போலீஸ் ஸ்டேஷனில் சொன்னாள். தமிழும் இந்தியும் தெரிந்த ஒரு லாரிக்காரர் மொழிபெயர்த்தார். கான்டிராக்டரின் ஆட்கள் மிரட்டுவார்கள், முக்கிய சாட்சி, பாதுகாப்பு வேண்டும் என்று அவளைக் காப்பகத்தில் சேர்த்தார்கள். நான்கு வயது மகள் அன்று நாத்தனாரிடம் இருந்தாள். நாலு நாளில் விட்டுவிடுவார்கள் என்று லாரிக்காரர் சொல்லியிருந்தார்.

"எவ்வளவு நாளாச்சு?"

"ரெண்டு தீவாளி, ரெண்டு பொங்கலு."

கண்காணிப்பாளர் வந்ததும் அவளுடைய பதிவேட்டைக் காட்டச் சொன்னேன். அந்த அம்மாள் கெட்டவர் அல்ல. தயங்கினாலும் எடுத்துக் காட்டினார். 'மொழி தெரியவில்லை. மனநிலை சரியில்லை எனத் தோன்றுகிறது. நீதிமன்றத்தின் அடுத்த உத்தரவு வரை' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அடுத்த உத்தரவை யாரும் கேட்கவில்லை, அதனால் வரவுமில்லை. கான்டிராக்டரும் மேஸ்திரியும் தலைமறைவு என்று போலீஸ் எழுதிவிட, வழக்கு அப்படியே கிடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் வெளியே, சாட்சி உள்ளே.

"நான் என்ன செய்ய முடியும்?" என்றார் கண்காணிப்பாளர். "உத்தரவு இல்லாமல் கதவைத் திறந்தால் என் வேலை போய்விடும்."

அவர் சொன்னது உண்மைதான். அந்த வருஷங்களில் நான் சந்தித்த பாதிப் பேர் இதையேதான் சொன்னார்கள்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவசரநிலையின்போது நான் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருந்தேன். விசாரணையில்லாமல் சிறையில் போடப்பட்டவர்களுக்காக அவர் ஆட்கொணர்வு மனுக்கள் போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில் அந்தக் கதவும் சாத்தப்பட்டது. மனுக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வெறுங்கையாகப் படியிறங்கிய அந்த மாதங்களில்தான், இதைத் தவிர வேறு வக்கீல் வேலை எனக்கு ஒத்துவராது என்று தெரிந்தது. என் கணவர் மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீஸர். கிட்வாய் நகரில் அவருக்கு ஒதுக்கிய குவார்ட்டர்ஸில் இருந்தோம். பகலில் நான் அரசாங்கத்தின்மேல் வழக்குப் போடுவேன், சாயங்காலம் அரசாங்கத்தின் வீட்டுக்கே திரும்பி வருவேன். மேல்வீட்டில் அவருடைய மேலதிகாரி, அண்டர் செக்ரட்டரி. பக்கத்து வீட்டில் அதே அமைச்சகத்து ஸ்டெனோ. எங்கள் வீட்டுக்கு யார் வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள் என்பது மறுநாள் ஆபீஸில் டீ குடிக்கும்போது பேச்சாகும். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதையும் என் கறுப்புக் கோட்டையும் சேர்த்துப் பேசுவார்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நான் ஒரு கட்சிக்காரரிடமும் பேசியதில்லை.

காப்பகத்திலிருந்து அவளை விடுவிக்கக் கோரும் மனுவை ஒரே வாரத்தில் எழுதினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கணவர் அதை எடுத்துப் படித்தார். என் மனுக்களை அவர் படிப்பது வழக்கம்தான். கமா, முற்றுப்புள்ளிகூடத் திருத்துவார். அன்று ஒன்பதாவது பத்தியில் நின்றுவிட்டார். சுவர் விழுந்ததைப் பற்றிய பத்தி. கட்டடத்தின் பெயர் அதில்தான் இருந்தது.

"இது எங்க டிவிஷன் கட்டடம்லா" என்றார்.

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

"அந்தக் கான்டிராக்டருக்கு வேலையக் குடுத்த ஃபைல்ல என் இனிஷியல் இருக்கு. மேல இருந்து வந்துச்சு, நான் கீழ போட்டேன். கேஸ் போடாதன்னு உன்னைய நான் சொல்லலை. சொல்லவும் மாட்டேன். அந்த ஒரு பாரா மட்டும் வேண்டாம்."

"அதுதானே காரணம்? அந்தச் சுவர்னாலதானே அவ உள்ள இருக்கா?"

"அவள வெளிய கொண்டாரதுக்கு அது வேணுமா? நீ வக்கீல், நீயே சொல்லு. சட்டப்படி வேணுமா?"

சட்டப்படி வேண்டியதில்லை. வயது வந்த பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாக அடைத்து வைத்திருக்கிறார்கள் என்பதே போதும். ஒரு குற்ற வழக்கின் சாட்சி என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது. மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கூரையைப் பார்த்தோம், குரலைத் தாழ்த்திக்கொண்டோம். எங்கள் வீட்டில் நாங்கள் எப்படி வாழ்ந்துகொண்டிருந்தோம் என்பதை அந்த ஒரு கணத்தில் கண்டேன். ஆனாலும் திங்கட்கிழமை கோர்ட் வாசல் டைப்பிஸ்டிடம் கொடுக்கும் முன் ஒன்பதாவது பத்தியைச் சிவப்புப் பென்சிலால் அடித்தேன். அவளைக் கேட்கவில்லை. கேட்பதற்குக் காப்பகத்தில் அனுமதி வாங்க இரண்டு வாரம் ஆகும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

முதல் விசாரணையில் நீதிபதி கேட்ட கேள்வி, "விட்டால் எங்கே போவாள்?" என்பதுதான். உறவினர் யாராவது வந்து பொறுப்பேற்றால் யோசிக்கலாம் என்றார் அரசு வழக்கறிஞர். நானே என் முகவரியைத் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். குவார்ட்டர்ஸில் குடும்பத்தார் அல்லாதவர் தங்க அனுமதி வேண்டும், அதற்குக் கணவர் எழுதிக் கொடுக்க வேண்டும், அந்தக் காகிதம் மேல்வீட்டுக்காரரின் மேஜைக்குத்தான் போகும். வாயை மூடிக்கொண்டேன். மூன்று வாரம் ஒத்திவைத்தார்கள்.

அந்த மூன்று வாரமும் நாத்தனாரைத் தேடினேன். அவர்கள் இருந்த குடிசைகளைப் பெயர்த்து யமுனைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்கள். தமிழர்கள் இருக்கும் ஒவ்வொரு குடிசைப் பகுதியிலும் போய், அவளுடைய கிராமத்தின் பெயரைச் சொல்லி விசாரித்தேன். கடைசியில் ஒரு தகரக் கூரைக்கு முன்னால் மாவு பிசைந்துகொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவ ஊருக்குப் பூட்டான்னு சொன்னாங்களே" என்றாள். "போலீசுதான் சொன்னிச்சி. பெத்த புள்ளய வுட்டுட்டு எப்புடித்தான் போனாளோன்னு நான் பேசாத பேச்சில்ல. இங்கியேவா இருக்கா?"

பக்கத்தில் ஒரு சிறுமி நின்றாள். ஆறு வயது இருக்கும். நாங்கள் பேசுவது எதுவும் அவளுக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. அத்தை அவளிடம் இந்தியில்தான் பேசினாள். அத்தையின் புருஷன் பீஹார்க்காரர்.

உறவினர் கிடைத்தாயிற்று. அடுத்த தடை மொழிபெயர்ப்பாளர். அவள் என்ன விரும்புகிறாள் என்று தானே நேரடியாகக் கேட்க வேண்டும் என்றார் நீதிபதி. கட்சிக்காரியின் வக்கீலே மொழிபெயர்க்கக் கூடாது என்று அரசு வழக்கறிஞர் ஆட்சேபித்தார். நான் அவர் இடத்தில் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். கரோல் பாகில் தெரிந்த தமிழ்க் குடும்பங்களின் வீட்டுப் படியெல்லாம் ஏறினேன். காப்பி கொடுத்தார்கள். விஷயத்தைச் சொன்னதும், சர்க்கார் உத்தியோகம், மகனுக்கு இன்டர்வியூ வந்திருக்கிறது, மாப்பிள்ளை டிபென்ஸில் இருக்கிறார் என்றார்கள். கோர்ட்டில் வந்து தமிழை ஆங்கிலமாக்குவதற்கு இவ்வளவு பயம். எவரையும் கோபிக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஒன்பதாவது பத்தியை அடித்தவள் நான்.

கடைசியில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற பெரியவர் சம்மதித்தார்.

"நேக்கென்னம்மா பயம்? பென்ஷனே கெடையாதே!" என்று சிரித்தார்.

விசாரணை நாளில் அவர் கோட்டும் அங்கவஸ்திரமுமாக வந்தார். அவளை இரண்டு பெண் போலீஸார் அழைத்து வந்தார்கள். காப்பகத்துப் பழுப்பேறிய வெள்ளைப் புடவை. கூண்டில் ஏறி நின்றதும் கதவு எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் பார்த்தாள்.

எங்கே போக விரும்புகிறாய் என்று நீதிபதி கேட்டார். பெரியவர் அதைத் தமிழில் சொன்னார்.

"எங்கியோ போறன். அது இவருக்கு எதுக்கு? நான் இன்னா தப்புப் பண்ணன்? செத்தது எம் புருசன். பூட்டி வெச்சது என்னிய."

பெரியவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு அழகான ஆங்கிலத்தில் சொன்னார்: மாண்புமிகு நீதிமன்றம் எந்த இடத்தில் வசிக்கும்படி பணித்தாலும் அங்கே வசிக்க அவள் சித்தமாயிருக்கிறாள்.

நான் எழுந்தேன். "மை லார்ட், அவர் சொன்னது..."

"உட்காருங்கள். மொழிபெயர்ப்பாளர் பிரமாணம் எடுத்திருக்கிறார்."

உட்கார்ந்தேன்.

காப்பகத்தில் ஏதாவது குறை உண்டா என்பது அடுத்த கேள்வி.

"சோறு போட்டாங்க. துணி குடுத்தாங்க. அடிக்கல. ஆனா வெளிய வுடல. எம் பொண்ணு மொகம் மறந்து போவுது."

அவளுக்கு உணவும் உடையும் குறைவின்றி வழங்கப்பட்டன, புகார் எதுவும் இல்லை, மகளைக் காண ஆவலாக இருக்கிறாள். இது பெரியவரின் ஆங்கிலம். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. ஒரு ஏழைப் பெண்ணின் பேச்சுக்கு மரியாதை சேர்த்துக் கொடுத்தால் நீதிபதியின் மனம் இளகும் என்று நம்பினார். அவள் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. அது அந்த அறையில் மாறிப்போவதும் புரிந்தது. அரசு வழக்கறிஞர் தலையாட்டிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர என்னால் ஆவது ஒன்றுமில்லை.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஏதோ சரியில்லை என்று தெரிந்துகொண்டாள். பெரியவரை விட்டுவிட்டு நேரே நீதிபதியைப் பார்த்துத் திரும்பினாள்.

"சாப், தாலா கோல் தோ."

பூட்டைத் திறந்துவிடுங்கள் ஐயா. காப்பகத்தில் கற்ற இந்தி. நீதிபதி டில்லிக்காரர். பேனாவைக் கீழே வைத்தார்.

"கஹா(ன்) ஜானா ஹை?" எங்கே போக வேண்டும் என்று அவரே கேட்டார்.

"பாஹர்" என்றாள். வெளியே.

உத்தரவு பத்து வரிதான். வயது வந்த பெண், சாட்சி, குற்றவாளி அல்ல. யார் பொறுப்பிலும் ஒப்படைக்கத் தேவையில்லை, விடுவிக்க. பெரியவர் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நன்னா வந்துடுத்து, இல்லையா?" என்றார். ஆமாம் என்றேன்.

மறுநாள் காப்பகத்து வாசலுக்கு நாத்தனார் சிறுமியை அழைத்து வந்திருந்தாள். கண்காணிப்பாளர் மூன்று இடத்தில் கைநாட்டு வாங்கினார். அவள் கதவைத் தாண்டி வந்ததும் சிறுமி அத்தையின் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

"யே கௌன் ஹை?" யார் இது என்று அத்தையைக் கேட்டாள்.

தாய்க்கும் அந்த இந்தி புரிந்தது. பிறகு குனிந்து, "மே(ன்) தேரி மா" என்றாள். பெற்ற பிள்ளையிடம் நான்தான் உன் அம்மா என்பதை, பூட்டி வைத்தவர்களிடம் கற்ற மொழியில் சொல்ல வேண்டியிருந்தது. சிறுமி வரவில்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேதான் நடந்தாள்.

பஸ் வருவதற்கு முன் அவள் என்னிடம் கேட்டாள். "சொவரு கேசு இன்னாச்சிம்மா?"

"அது தனி வழக்கு" என்றேன். வக்கீல்கள் சொல்கிற பதில்.

காப்பகத்தில் அவளைப் போலவே இன்னும் பல பெண்கள் இருந்தார்கள். சாட்சிகள், வழி தவறியவர்கள், யாரும் கேட்டு வராதவர்கள். அவள் ஒருத்திக்கான அந்தப் பத்து வரி உத்தரவு அவர்களில் ஒருவருக்கும் பொருந்தவில்லை. எல்லோருக்குமாக ஒரு மனு போட நினைத்தேன். உள்ளே என்ன நடக்கிறது என்று அவள் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தால் வலுவாக இருக்கும். ஆறு மாதம் கழித்து ஓக்லா பக்கம் ஒரு கட்டட வேலையில் அவளைக் கண்டுபிடித்தேன். செங்கல் சுமந்துகொண்டிருந்தாள். மதிய இடைவேளையில் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

"பூட்டப் பத்தி எனக்கு ஒண்ணும் வாணாம்மா. அந்த வாசப்படிய நெனைக்கக்கூட மாட்டன். சொவத்தப் பத்தி எழுதுறதுன்னா எழுது, கைநாட்டு வெக்கிறன்."

"அந்தப் பெண்களுக்கு உதவியா இருக்கும்."

"இருக்கும். எனக்குத் தெரியாதா? ஆனா எம் புருசன் செத்ததுக்குப் பேசத்தான் நான் ஸ்டேசனுக்குப் போனன். அத இன்னி வரிக்கும் யாரும் கேக்கல. நீயும் கேக்கல."

சொல்லியே ஆக வேண்டியிருந்தது. மனுவில் அந்தப் பகுதி இருந்தது, என் வீட்டுக்காரருக்குப் பாதகம் வரும் என்று நானே எடுத்துவிட்டேன் என்றேன். அவள் கோபப்படவில்லை. தலையில் வைக்கும் சும்மாட்டை அவிழ்த்து மறுபடி சுற்றிக்கொண்டு, "ஆங். எல்லாருக்கும் வூடு இருக்குதில்ல" என்றாள். எந்தத் தீர்ப்பும் என்னை அப்படிக் குறுக வைத்ததில்லை.

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"எழுதப் போறியா?"

"ஆமா."

"பேரையும் போட்டா?"

"போடாம எப்படி?"

இரண்டாவது ஷூவையும் முடித்தார். "அப்ப நான் டிரான்ஸ்பர் கேட்டு எழுதிக் குடுத்துருதேன். அவங்களாத் தூக்கி அடிக்கதுக்கு முன்னாடி."

அவர் நாக்பூர் போனார். குவார்ட்டர்ஸ் போயிற்று. நான் கரோல் பாகில் ஒரு புடவைக் கடையின் மாடியில் ஒற்றை அறை எடுத்துக்கொண்டேன். நான்கு வருஷம் கடிதத்தில் குடும்பம் நடத்தினோம். அவர் என்னைக் குறை சொல்லி ஒரு வரியும் எழுதவில்லை. என் மனுக்களைப் படிப்பதை மட்டும் நிறுத்திவிட்டார்.

சுவர் வழக்கைத் திறப்பதற்கே இரண்டு வருஷம் பிடித்தது. மேஸ்திரி கிடைக்கவேயில்லை. கான்டிராக்டர் கிடைத்தார். அவருடைய வக்கீல் காப்பகத்துப் பதிவேட்டின் நகலை வைத்துக்கொண்டு அவளை ஒரு நாள் முழுக்கக் குறுக்கு விசாரணை செய்தார். உன்னைப் பைத்தியம் என்று எழுதியிருக்கிறார்களே என்றார். அவள் இந்தியிலேயே பதில் சொன்னாள்: "நான் பேசியது அவர்களுக்குப் புரியவில்லை. புரியாதவர்கள் எழுதியது அது." சுவரின் விரிசல் எங்கிருந்து எங்கே ஓடியது என்று கூண்டின் மரச்சட்டத்தில் விரலால் கோடு போட்டுக் காட்டினாள்.

ஒரே சாட்சி, துணை ஆதாரம் இல்லை என்று கான்டிராக்டரை விடுதலை செய்தார்கள். தீர்ப்பன்று அவள் வந்திருந்தாள். மகளும் கூட வந்திருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"நான் சொன்னத எழுதிக்கிட்டாங்களா?"

"எழுதிக்கிட்டாங்க."

"அது அங்கியே இருக்குமா?"

"இருக்கும்" என்றேன். அப்பீல் போடலாம் என்று ஆரம்பித்தேன். அவள் மகளிடம் இந்தியில் ஏதோ சொன்னாள். மகள் சிரித்துக்கொண்டே முன்னால் ஓடினாள். மதிய வேலைக்குப் போக வேண்டும், பஸ் போய்விடும் என்று அவளும் கிளம்பினாள்.

அவளுடைய பிரமாணப் பத்திரம் இல்லாமலே நான் போட்டிருந்த, காப்பகத்தின் மற்றப் பெண்களுக்கான மனு அதே நாள் மதியம் விசாரணைக்கு இருந்தது. அதற்கு முன் எத்தனை முறை ஒத்திவைத்தார்கள் என்ற கணக்கை நான் விட்டுவிட்டிருந்தேன். சாப்பிட நேரமில்லை. அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு இன்னொரு பஸ்ஸைப் பிடித்து உயர்நீதிமன்றத்துக்குப் போனேன். அன்றும் ஒத்திவைத்தார்கள்.